குடி நின்ற மூன்றாம் நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை கல்லீரல் கெடுவதையும் குடும்பம் சிதைவதையும் விரிவாகச் சொன்னது. குடியை நிறுத்தும்போது வரும் ஆபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கார்த்திகையில் மாலை போட்ட அன்றே நிறுத்துபவர்களும், கோயிலில் கயிறு கட்டியோ அறையில் பூட்டியோ நிறுத்த வைக்கும் குடும்பங்களும் நம் ஊரில் ஏராளம். இவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்போதாவது குடிப்பவருக்கு இந்தப் பயம் தேவையில்லை. விடிந்ததும் கை நடுங்கி, நடுக்கம் அடங்க ஒரு கட்டிங் போட வேண்டியிருப்பவருக்குத்தான் ஆபத்து. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் இரண்டு மூன்று என்று வருடக்கணக்கில் உள்ளே போனால் மூளை மந்தமாகும். அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். குடி சட்டென்று நின்றால் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், வாயில் தண்ணீர் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

வீட்டார் ஏமாறுவது மூன்றாம் நாளில். கண்டம் தாண்டிவிட்டது என்று நினைக்கும்போதுதான் உளறல் தொடங்குகிறது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். தையல்காரர் வெறுங்கையால் துணி தைப்பார். ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவார். காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். பேய் என்று கோடாங்கியிடம் கூட்டிப்போகும் அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது. விபத்தில் கால் முறிந்து, குடிக்க வழியின்றி மருத்துவமனையில் படுத்திருக்கும் குடிநோயாளிக்கும் இதே கதிதான். குடிப்பழக்கத்தைக் குடும்பம் வெட்கப்பட்டு மறைத்துவிடுவதால், தலையில் அடிபட்டதால் உளறுகிறாரோ என்று மருத்துவர் தேடிக்கொண்டிருப்பார். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இதற்கு மருந்து உண்டு. டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு போன்றவற்றை முதலில் தேவையான அளவு கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இடையில் அவர் குடித்துவிட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும்.

சோர்வாக இருக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவதும் தவறு. சரியாகச் சாப்பிடாத குடிநோயாளியின் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் ஏற்கெனவே வற்றியிருக்கும். மிச்சமிருப்பதையும் குளுக்கோஸ் தின்றுவிடும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று தொடங்கி, நினைவு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள்.

'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று குடியை நிறுத்தும் மருந்து விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைசல்பிரம் என்ற மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும்; இதயம் பலவீனமானவர் இறந்தே போகலாம். மாத்திரையை நிறுத்தியும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கும். விவரம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுபவருக்கு மட்டுமே அது மருந்து. தெரியாமல் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம்.

நிறுத்தும் நாளை முடிவு செய்யும் முன் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். தனியார் மீட்பு மையம் என்றால், 2017 மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா, மருத்துவர் வருகிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

போதை மீட்பு ஆலோசனைக்கான 14446 என்ற இலவச எண்ணை அடுத்த இதழில் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனநலச் செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.