காக்கா இறக்கைக்கு நீலம் அடிச்ச பொண்ணுக்கு

கண்ணு,

நல்லா இருக்கியா? போன்ல கூப்ட்டா வேலை வேலைன்னு வச்சிடற, அதான் உக்காந்து எழுதறேன். போன வாரம் அண்ணன் என்னை அமெரிக்கால வயோமிங் மாநிலத்துல ஜாக்சன்ங்கற ஊருக்கு கூட்டிட்டு போனான். அங்க நேஷனல் மியூசியம் ஆஃப் வைல்ட்லைஃப் ஆர்ட்னு ஒன்னு, உள்ள முழுக்க மிருகம், பறவை படமும் சிலையும்தான். 1987ல ஆரம்பிச்சு, 1994ல இப்ப இருக்கற கல்லு கட்டடத்துக்கு வந்திருக்காங்க, தூரத்துல இருந்து பாத்தா பாறை எது செவுரு எதுன்னே தெரியல.

கார்ல் ரங்கியஸ்னு ஜெர்மனில பொறந்து இங்க வந்து செட்டில் ஆன ஓவியர், அவர் படம்தான் நிறைய. மூஸ்னு ஒரு பெரிய மான், அதோட படத்துக்கு மூக்கு ஒட்டற மாதிரி போய் நின்னேன், வெறும் பிரவுன் திட்டு, நடுவுல நீலத்துல ரெண்டு இழுப்பு, அவ்ளோதான். நாலடி பின்னால வந்தா அந்த நீலம்தான் அதோட முதுகு நிழல்! உடனே உன் ஞாபகம். எட்டாவது படிக்கறப்போ காக்கா இறக்கைக்கு நீலம் அடிச்சிட்டு, காக்கா வெறும் கறுப்பு இல்லம்மா நல்லா பாருன்னு என்கிட்ட சண்டை போட்டியே.

ஒன்ன மறைக்க கூடாது. ரங்கியஸும் சரி, அவருக்கு முந்தி பறவை வரைஞ்ச ஆடுபானும் சரி, மிருகத்த, பறவைய சுட்டுட்டுதான் வரைஞ்சிருக்காங்க, ஆடுபான் செத்த பறவைய கம்பி கட்டி நிக்க வச்சு வரைவாராம். எனக்கு மனசு ஒப்பவே இல்ல. அவர் வரைஞ்ச பாசஞ்சர் புறாவுல கடைசி ஒன்னு 1914ல கூண்டுல செத்துப்போச்சு, இனிமே யாரும் அத உயிரோட பாக்க முடியாது.

நீ வேலைல சேந்தப்ப கேட்ட, படம் வரைஞ்சா ஒரு மிருகம் பொழைக்குமாம்மான்னு. அன்னிக்கு எனக்கு பதில் தெரியல, இப்ப சொல்றேன் கேளு. 1871ல தாமஸ் மோரன் ஒரு சர்வே டீமோட போய் எல்லோஸ்டோன்ங்கற இடத்த வரைஞ்சிட்டு வந்தார், அந்த படத்தையும் கூட போனவர் எடுத்த போட்டோவையும் காங்கிரஸ்ல, அதான் அமெரிக்க பார்லிமென்ட்ல, காட்டினாங்க, அடுத்த வருஷமே அது நேஷனல் பார்க். 1934ல டிங் டார்லிங்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் வரைஞ்ச ரெண்டு வாத்த ஸ்டாம்பா அடிச்சாங்க, வாத்து வேட்டைக்கு போறவங்க அத வாங்கியே ஆகணும். இன்னிக்கும் வருஷா வருஷம் ஓவியப் போட்டி வச்சுதான் ஸ்டாம்பு படத்த எடுக்கறாங்க, அந்த காசுல டாலருக்கு 98 சென்ட் ஈரநிலத்த வாங்கி காப்பாத்த போகுது. அப்ப பொழைக்குதுதானே கண்ணு?

மியூசியத்துக்கு எதிர்லயே எல்க் மானுக்காக 1912ல ஒதுக்கின புல்வெளி, பனிகாலத்துல தீனி இல்லாம கூட்டம் கூட்டமா செத்ததால வந்தது. குளிர் வந்தா இறங்கி வருமாம், ஜன்னல்லேந்தே பாக்கலாமாம். நாங்க போனப்ப வெறும் புல்லுதான், ஆனாலும் நகர மனசில்லாம நின்னுட்டே இருந்தேன்.

குளிர்கால லீவுக்கு நீ வா, மறுபடி கூட்டிட்டு போறேன்னு அண்ணன் சொல்லிட்டான். அந்த காக்கா இருக்கற ஸ்கெட்ச் புக்க பெட்டில துணிக்கு அடில வச்சு கொண்டு வந்திருக்கேன், பாதிக்கு மேல காலிப் பக்கம்தான். பென்சில் மட்டும் எடுத்துட்டு வா.

அம்மா