பால் சீட்டில் கணக்குச் சொல்லித் தந்தவர்களுக்கு

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் வாசகசாலைக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்த கல்லூரித் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். ஒரு வருஷம் ஓடிவிட்டது. நேரில் நன்றி சொன்னால் கூச்சப்பட்டு ஓடிவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம், பாடத்திட்டம் மட்டும் கேரளத்துடையது. பொள்ளாச்சிக்குப் போய் கைடு வாங்கி வந்தால் உள்ளே பாடமே வேறாக இருக்கும். 2021-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, தெருத்தெருவாக மாலை வகுப்பு நடந்தபோது நாங்கள் இங்கிருந்து வேடிக்கைதான் பார்த்தோம். அது தமிழ்நாட்டுத் திட்டம், நாம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

உங்களிடமும் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டத்தில்) வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்காக வருகிறார்கள், நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று வாசகசாலைக் கமிட்டியில் நானே சொன்னேன். முதல் வாரம் நீங்கள் நடத்திய விதமும் அப்படித்தான் இருந்தது. போர்டில் தசம எண் என்று எழுதி, காலேஜ் லெக்சர் மாதிரி அரை மணி நேரம். பிள்ளைகள் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் உங்களில் ஒரு தங்கை 4.2, 4.15 இரண்டில் எது பெரிசு என்று கேட்டாள். எல்லோரும் ஒரே குரலில் 4.15 என்றார்கள். 15 பெரிசுதானே! அடுத்த வாரம் அவள் பால் சொசைட்டியில் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, ஃபேட் (பாலிலுள்ள கொழுப்பு) அளவுப்படி தரையில் வரிசையாக வைத்து, நடுவில் சாக்பீஸால் கோடு போட்டாள். 4.1 இங்கே, 4.2 அங்கே, 4.15-ஐ எங்கே வைப்பது? வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் எழுந்து போய் இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்தான். "அப்ப 4.2-க்குத்தான் ரேட்டு கூட வரும்" என்றான். தினமும் காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவன் அவன். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அம்மாவின் பாஸ்புக்கை முழுக்கக் கூட்டிப் பார்த்திருக்கிறான்.

பாலக்காட்டிலிருந்து வந்த மலையாளி மாணவிக்குத் தனியாக ஒரு நன்றி. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. மலையாளம் சொல்லித் தர வந்தவளைப் பிள்ளைகள் சேச்சி சேச்சி என்று சுற்றிக்கொண்டு, அவளையே தமிழில் அ, ஆ எழுதவைத்தார்கள். யார் யாருக்கு டீச்சர் என்றே சில நாள் தெரியவில்லை.

சீட்டு கொடுத்த சொசைட்டிக்காரர், கடைசி பஸ் போகும்வரை கடையைத் திறந்துவைத்து உங்களுக்குக் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) கொடுத்த அண்ணன், காலேஜில் அனுமதி வாங்கித் தந்த ஆசிரியர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஒரு வாரம் வந்துவிட்டு அப்புறம் வராமல் போனவர்களும் உண்டு. கோபமில்லை, பரீட்சை, வீடு என்று ஆயிரம் இருக்கும். ஆனால் அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் கேட்டில் ஏறி நின்று ரோட்டைப் பார்ப்பார்கள், அதற்குப் பதில் சொல்வது நான்தான். அதனால் புதிதாக வரப்போகும் மாணவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ரேங்க் வாங்கியிருக்க வேண்டாம், டிரெயினிங்கும் வேண்டாம். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைதான் முடியும் என்றால் அதையே சொல்லுங்கள், அந்த இரண்டுக்கும் வந்துவிடுங்கள். மணிக் கணக்குக்காக வந்தாலும் சரி. போன வருஷம் அப்படி வந்தவர்களில் மூன்று பேர் 120 மணி முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார்கள், கையெழுத்து கேட்கவே இல்லை.

ரிசல்ட் எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். கேரளத்தில் பத்தாம் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் பாஸ்தான், அதை வைத்து உங்களைப் புகழ முடியாது. சீட்டுகளுக்கு நடுவில் விரலை வைத்த அந்தப் பையன் இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தசமப் புள்ளிக் கணக்கு சொல்லித் தருகிறான், அதைச் சொல்லலாம்.

ஜூன் 19, கேரளத்தின் வாசிப்பு தினத்தன்று இந்த வருஷ வகுப்புக்குப் பெயர் எழுதுகிறோம். மழை பிடித்துக்கொள்ளும், குடை கொண்டு வாருங்கள். பின்பக்க ஓடு ஒன்று இன்னும் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
வாசகசாலைச் செயலாளர்