எதிரொளிக்கும் பலகை யாருக்காக?

ஆசிரியருக்கு வணக்கம். அடுத்த தலைமுறை கைப்பேசி வலையமைப்பான 6ஜி குறித்த தங்கள் கட்டுரை, ரேடியோ அலைகளைத் திருப்பிவிடும் நுண்ணறிவுப் பலகைகளை எல்லாக் குறைக்கும் மருந்துபோலக் காட்டியிருந்தது. 28 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் அலையின் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். ஒரு சுவர் குறுக்கிட்டாலே அது தளர்ந்துவிடும் என்பதால், சுவரில் பதித்த பலகையின் நூற்றுக்கணக்கான சிறு சில்லுகள் ஒவ்வொன்றும் அலையின் கட்டத்தை (அதன் ஏற்ற இறக்கம் நிகழும் நேரத்தை) சற்றே மாற்றி, அதைக் கோபுரம் தெரியாத மூலைக்குத் திருப்புகின்றன என்பது உண்மையே. பெறுபவர் ஒருவரே என்றால், சில்லுகளை இரட்டிப்பாக்கினால் பலகைவழி வரும் அலையின் திறன் (வலிமை) ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

பயனர் பலரானால்தான் சிக்கல். சில்லுகளின் ஒரே அமைப்பு அந்த நொடியில் அனைவருக்கும் பொருந்தியாக வேண்டும். சன்னலோரத்தில் இருப்பவருக்கு உகந்தது அடுக்களையில் இருப்பவருக்கு உகக்காது. மொத்த வேகத்தை மட்டும் உயர்த்தச் சொன்னால், சில்லுகளின் அமைப்பைத் தீர்மானிக்கும் கணிப்பு நெறி (அதன்மீது குற்றமில்லை) ஏற்கெனவே நல்ல இணைப்பு உள்ளவருக்கே அள்ளிக் கொடுக்கும். ஆகவே, மிகக் குறைந்த வேகம் பெறுபவரை உயர்த்துவதையே இலக்காக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலான பலகைகளுக்குத் தாமே அலையை அளக்கும் திறன் இல்லாததால், ஆள் நகர நகர மீண்டும் அளப்பதற்குச் செலவாகும் நேரத்தையும் தங்கள் கட்டுரை கணக்கில் எடுத்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர், தாம்பரம்.