பருப்பில் இருக்கிற புரதம் அல்ல

தலவாக்கலை
புதன் இரவு

அன்புள்ள மகளுக்கு,

மார்பகப் புற்றுநோய் பரவாமல் தடுக்கிற புரதம் பற்றி நீ போன கிழமை சொன்னாய் அல்லவா? அதை அத்தையிடம் ஆசையாகச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். அவளுக்குப் புரதம் என்றால் மருத்துவமாது சாப்பிடச் சொல்லும் பருப்பும் முட்டையும்தானே! மூன்று நாளாக லயத்தில் இரு வேளையும் பருப்புக் கறிதான்.

சிரித்துக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் உன் அம்மா உண்மையைச் சொன்னாள். அத்தைக்கு இடது மார்பில் கட்டி. இரண்டு மாதமாக மறைத்திருக்கிறாள். "நோகவில்லையே அண்ணி" என்றாளாம்.

நீ சொன்னதை இரவெல்லாம் தாளில் எழுதிப் பார்த்தேன். தின்கிற புரதம் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். நீ சொல்வதோ கலம் தனக்குள்ளே செய்துகொள்வது. 1988இல் பட்ரீசியா ஸ்டீக் குழுவினர் என்எம்23 என்ற பரம்பரையலகைக் கண்டார்கள். பரவலை அடக்கும் புரதத்தைக் கலம் செய்துகொள்ள வழிசொல்லும் பரம்பரையலகுகளில் அதுவே முதலாவது. 1996இல் வந்தது கிஸ்1. அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில் கண்டதால் அவ்வூர்க் 'கிஸ்' சொக்லேட்டின் பெயரையே வைத்தார்களாம். இதை அத்தையிடம் சொல்லவில்லை. பருப்போடு சொக்லேட்டும் சேர்ந்துவிடும்.

என்னை உலுக்கியது வேறு. இந்தப் புரதங்கள் முதற்கட்டி வளர்வதைத் தடுப்பதில்லை; பரவுவதை மட்டுமே அடக்குகின்றன. எலிகளில், கிஸ்1 உள்ள புற்றுக் கலங்கள் நுரையீரல்வரை போய்ச் சேர்ந்தும் அங்கே கட்டியாகாமல் உறங்கிக் கிடந்தனவாம். பாறையில் விழுந்த விதைபோல என்று எழுதிவைத்தேன். கட்டி ஓரிடத்தில் இருக்கும்வரை வெட்டி எடுக்கலாம். எலும்பு, ஈரல், மூளை என்று குடியேறிய பிறகுதான் ஆளைக் கொண்டுபோகிறது. அந்தப் புரதத்தைக் குளிசையாகத் தருகிற காலம் இன்னும் வரவில்லை என்று நீயே சொன்னாய். ஆகவே அத்தை பருப்புச் சட்டியைக் காத்துக்கொண்டிருக்க முடியாது.

நான் சொன்னால் "வாத்தியார் வந்துவிட்டார்" என்று எழுந்து போய்விடுவாள். உன்னை இடுப்பில் சுமந்தவள், நீ சொன்னால் கேட்பாள். சனிக்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். ஒரு நாள் பெயர் போய்விடுமே என்பதும் அவளுக்குக் கவலை. அந்தச் சம்பளத்தை நான் தருகிறேன். அதை நீ சொல்லாதே, அம்மா பக்குவமாகச் சொல்லுவாள்.

கொழுந்து நிறுத்துவிட்டு அவள் வீடு வர ஐந்தரை ஆகும். ஜப்பானில் அப்போது இரவு ஒன்பது. நாளைக்கே அழைத்துப் பேசு. பருப்பைக் கேலி செய்யாதே, கோபித்துக்கொள்வாள்.

அன்புடன்,
அப்பா