இரைச்சலைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில், பௌதிகவியல் பரிசோதனைகளில் பயன்படும் உணரிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். ஜெனீவாவுக்கு அருகே நிலத்தடியில் புரோத்தன்களை மோதவிடும் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையம், ஜப்பானில் மலைக்கு அடியில் 50,000 தொன் நீர் நிரம்பிய தொட்டி என்று, பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைக்கத்தக்க படங்கள். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை கட்டுரையில் ஒரே பாட்டு: கருவி எவ்வளவு நுண்மையாக உணர்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. போர் நடந்து முடிந்த வன்னியில் இருந்துகொண்டு அதை அப்படியே விழுங்க முடியவில்லை.

இங்கே ‘டிடெக்டர்’ என்றால் மிதிவெடி தேடும் கருவி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்னிடம் உயர்தரத்தில் படித்த பிள்ளை ஒருத்தி எட்டு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, அன்று தன் பாதையில் கிளறி எடுத்தவற்றை விரல் மடித்துச் சொன்னாள்: கூரைத் தகர ஆணிகள், மீன் ரின் மூடி, சைக்கிள் கம்பி, ரவைக் கோதுகள், எறிகணைச் சிதறல், ஒரு காப்பூசி. மிதிவெடி? “இன்று ஒன்றும் இல்லை, சேர்.” ஆனால் கருவி கத்திய ஒவ்வொரு தடவையும் முழங்காலில் இருந்து, கீழே இருப்பது மிதிவெடிதான் என்று எண்ணியே மண்ணைக் கிளறியிருக்கிறாள். காப்பூசிக்கும் அதே பயம், அதே நேரம்.

கருவியின் தத்துவம் எங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். சுருளில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழன்றோடும் மின்னோட்டம், அதாவது சுழியோட்டம், பிறக்கும். அதன் காந்தப்புலத்தைச் சுருள் திருப்பிக் கேட்கும். 1831இல் பரடே கண்டதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் மிதிவெடியில் உள்ள உலோகம் மிகச் சொற்பம். அதைக் கேட்கும் அளவுக்குக் கருவியின் காதைத் தீட்டினால், ஆணியும் கோதும் மாத்திரமல்ல, இரும்புச் சத்துள்ள செம்மண்ணே கத்தத் தொடங்கும். தேடுவதை மறைக்கும் இந்த வேண்டாத சத்தத்தைத்தான் இரைச்சல் என்கிறேன். இதனால்தான் வன்னியில் பல இடங்களில் கருவியை ஒதுக்கிவிட்டு, நீண்ட பிடி போட்ட கனமான வாரி ஒன்று, இலேசான வாரி ஒன்று என இரண்டைக் கையில் எடுத்தார்கள். பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக வாரி, வெடியின் மேற்பரப்பை அழுத்தாமல் அதை வெளியே காட்டும் முறை அது. மண் முழுவதும் உலோகமாய்க் கிடக்கும் இடத்தில், நுண்மையான கருவியைவிடப் பொறுமையான கை முந்திவிட்டது.

ஜெனீவாவிலும் இதே தலைவலிதான். கட்டுரையாளர் அதை ஒரு வரியிலும் தொடவில்லை. அங்கே செக்கனுக்கு 4 கோடி தடவை புரோத்தன் கற்றைகள் குறுக்கிடுகின்றன. அத்தனையையும் பதிந்துவைக்க எந்தக் கணினியாலும் இயலாது. முதற்படியில் மின்னணுச் சுற்றுகளே கண் மூடித் திறப்பதற்குள் முடிவெடுத்து, செக்கனுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சத்தை விட்டுவைத்து மிச்சத்தை எறிந்துவிடும். அடுத்த படியில் அது சில ஆயிரமாகக் குறையும். எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. அதற்குள் புதிதாக ஏதாவது இருந்துவிட்டால்? அந்தப் பயத்தினால்தான், வழக்கத்துக்கு மாறானதை அந்த முதற்படியிலேயே மணந்து பிடிக்கும் இயந்திரக் கற்றல் முறைகளை அண்மையில் புகுத்தியிருக்கிறார்கள். மேம்படுத்தப்படும் வளையத்தில் ஒரே குறுக்கீட்டில் 200 மோதல்கள் வரை நிகழும். எந்தத் துகள் எந்த மோதலில் பிறந்தது என்று பிரிக்க, ஏறத்தாழ 30 பிக்கோசெக்கன் (ஒரு பிக்கோசெக்கன் என்பது செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் நேரம் குறிக்கும் சிலிக்கன் உணரிகள் தயாராகின்றன. அந்த நேரத்தில் ஒளியே 9 மில்லிமீற்றர்தான் நகரும்.

ஜப்பான் தொட்டி ஏன் மலைக்கு அடியில் இருக்கிறது என்பதற்கும் காரணம் இரைச்சல்தான். உள்ளங்கையை விரித்தால் வானிலிருந்து விழும் மியூவன் என்ற நுண்துகள் செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் அதனூடாகப் போய்க்கொண்டே இருக்கிறது. எதிலும் அரிதாகவே மோதி ஊடுருவிச் செல்லும் நியூத்திரினோ என்ற துகளை அந்தத் தொட்டி கேட்க வேண்டுமென்றால் அந்த மழைக்குக் கூரை வேண்டும், பாறைதான் கூரை. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இறங்கிய இந்தியாவின் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், 1965இலேயே வளிமண்டல நியூத்திரினோவைப் பதிவுசெய்தார்கள். தமிழ்ப் பத்திரிகையில் அதற்கு ஒரு பந்தி கிடைத்திருக்கலாம்.

இந்தக் கட்டுரையைத் தொடராக்கும் எண்ணம் உண்டென்று குறிப்பிட்டிருந்தீர்கள். அடுத்த பகுதியில் கருவிகள் எதைக் கண்டன என்பதோடு, எதை எப்படி ஒதுக்கின என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கட்டுரையாளர் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் அந்தப் பிள்ளையிடம் கூட்டிச்செல்கிறேன். இப்போது தையற்கடை வைத்திருக்கிறாள். கேள்வி நல்லதாக இருந்தால் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
மாங்குளம்.