வயது 21, வழி வாஷிங்டன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. தாமு மேடை கிடைத்தால் இன்னும் இறங்குவதில்லையாமே. அவன் திருந்தினால்தான் ஆச்சரியம்.

முகிலுக்கு 18 நிரம்பிவிட்டது. வாக்களிக்கலாம், ராணுவத்தில் சேரலாம், ஒரு பீர் மட்டும் வாங்க முடியாது. 21 ஆகாதவன் என்று கடைக்காரருக்குப் பார்த்ததுமே தெரிவதற்காக ஓட்டுநர் உரிமத்தையே நெடுக்காக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "இதை முடிவு செய்தது நம் டெக்சாஸ் மாநிலமா, வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசா?" என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

சட்டப்படி மாநிலம்தான். மதுவிலக்கை நீக்கிய 1933-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தம் மதுவை மாநிலங்களின் கையில் விட்டது. 1984-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டமும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. 21 வயதுக்குக் கீழே விற்க அனுமதித்தால், மத்திய அரசு மாநிலத்துக்குத் தரும் நெடுஞ்சாலை நிதியில் முதலில் 5 சதவீதமும் பிறகு 10 சதவீதமும் பிடித்துக்கொள்வோம் என்றது. 19 வயதினருக்கு 3.2 சதவீத ஆல்கஹால் கொண்ட பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது. 1987-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களும் பணிந்துவிட்டன.

சேகர், 21 என்ற வயதை நான் மனதார வரவேற்கிறேன். வயது வரம்பு குறைந்த பக்கத்து மாநிலத்துக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் எத்தனை பிள்ளைகள் செத்தார்கள்! பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் போராடிப் பெற்ற சட்டம் இது.

வந்த வழிதான் உறுத்துகிறது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இருவரில் ஒருவர் நீதிபதி சாண்ட்ரா டே ஒக்கானர். சாலையை எப்படிப் போடுவது என்று பணம் கொடுப்பவர் நிபந்தனை விதிக்கலாம், யார் குடிக்கலாம் என்பதற்கும் சாலை போடுவதற்கும் சம்பந்தம் போதாது என்றார். அவர் சொன்னதே நியாயம். மாநில மக்களிடம் வசூலித்த வரியைக் காட்டியே மாநிலத்தை மடக்கலாம் என்றால், இன்று குடிக்கும் வயது, நாளை பள்ளிப் பாடம். 2012-இல் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டு வழக்கில் இதே நீதிமன்றம், இணங்காத மாநிலத்திடமிருந்து அந்தக் காப்பீட்டு நிதி முழுவதையும் பறிப்போம் என்று மத்திய அரசு மிரட்டுவது தலையில் துப்பாக்கி வைப்பதற்குச் சமம் என்றது. 5 சதவீதத்துக்கும் முழு நிதிக்கும் நடுவே கோடு எங்கே? அதை அது சொல்லவேயில்லை.

மாநில சுயாட்சி என்று விடுதியில் விடிய விடியப் பேசியவன் நீ. உயிரைக் காக்கும் சட்டம் இப்படி வந்தால் ஏற்பாயா, மறுப்பாயா? நழுவாமல் எழுது. முகில் டிசம்பரில் அங்கே வருகிறான், அவனிடமே சொன்னாலும் சரி. தங்கைக்கு என் அன்பு.

உன்,
ரகு