நாடி அடங்கினது வேறே, சுழல் நின்னது வேறே

அன்புள்ள இசக்கிமுத்துவுக்கு,

கடிதமும் உம்ம மச்சானின் ஈசிஜி நகலும் வந்து சேர்ந்தன. பாளையங்கோட்டை டாக்டர் சொன்னது சரிதான், ஏட்ரியல் ஃப்ளட்டர், அதாவது இதயத்தின் மேலறையில் மின்னோட்டம் சுழன்றுகொண்டே இருக்கும் கோளாறு. ஈசிஜியில் 2, 3, ஏவிஎஃப் என்று குறித்த வரிகளில் ரம்பப் பல் அலைகள் துலக்கமாகத் தெரிகின்றன. படுத்திருந்தாலும் மாடிப்படி ஏறினாலும் நாடி 150-ஐ விட்டு அசையவில்லை என்று எழுதியிருந்தீரே, அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. பதற்றத்தில் வரும் படபடப்பு ஏறும், இறங்கும். ஒரே எண்ணில் நிற்காது.

வலது மேலறையில், மூவிதழ் வால்வைச் சுற்றி, மின்னோட்டம் செக்குமாடு மாதிரி நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று வருகிறது. கீழறைக்குப் போகும் வழியிலிருக்கும் ஏவி கணு இரண்டில் ஒன்றைத்தான் விடும். அதனால் 150. நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை கொடுத்ததும் நான்கில் ஒன்றாகி 75-க்கு வந்திருக்கிறது. மச்சான் "கொணமாயிட்டு"ன்னு துள்ளுகிறாராமே! வே, நாடி அடங்கினது வேறே, சுழல் நின்னது வேறே. மேலறையில் இன்னும் 300 ஓடிக்கொண்டிருக்கலாம். மறுபடி ஒரு ஈசிஜி எடுத்தால் தெரிந்துவிடும். அப்படி ஓடும் அறை சரியாகச் சுருங்காது. ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

ஆகவே ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைதான் முதல் காரியம். பக்கவாத ஆபத்தை அளக்க ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு: வயது 67-க்கு 1, பிரஷருக்கு 1, சுகருக்கு 1, ஆக 3 மதிப்பெண். ஆண்களுக்கு 2 வந்தாலே மாத்திரை வேண்டும். ஆஸ்பிரின் இந்த வேலைக்கு ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் 5 மில்லிகிராம், காலையும் ராத்திரியும். எடை 58 கிலோதானே, 2.5 போதாதா என்று கேட்டிருக்கிறீர். வயது 80-ஐ எட்டியிருக்க வேண்டும், எடை 60-ஐத் தாண்டாதிருக்க வேண்டும், சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியாட்டினின் 1.5-ஆவது இருக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் குறைப்பார்கள். அவருக்குப் பொருந்துவது எடை ஒன்றுதான். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் வாதக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வு தெரிந்தால் மட்டும் கதை மாறும். அப்போது அபிக்ஸபானுக்குப் பதில் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவே இருக்க வேண்டும். அந்த மாத்திரைக்காக முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். எந்த மாத்திரையானாலும், மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லும். வயிற்றில் ரத்தக்கசிவு வந்துவிடும்.

மின்சார ஷாக் வைத்துத் துடிப்பைச் சீராக மாற்றலாம். அதற்கு முன் 3 வாரம் ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் வழி எக்கோ பார்த்துக் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகும் குறைந்தது 4 வாரம் மாத்திரை தொடரும்.

என்னைக் கேட்டால், வருஷக்கணக்கில் மாத்திரையோடு மல்லுக்கட்டுவதைவிட, சுழலின் பாதையைச் சுட்டு அடைக்கிற அப்ளேஷன் மேல். தொடை இடுக்கு ரத்தநாளம் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வலது மேலறைக்கு ஏற்றுவார்கள். மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் நடுவே ஒரு குறுகிய திட்டு உண்டு. சுழல் அதைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே குறுக்காக ஒரு கோடு சுடுவார்கள். பிறகு இரண்டு பக்கமிருந்தும் துடிப்பு கொடுத்து, எந்தத் திசையிலும் கடக்கவில்லை என்று பார்ப்பார்கள். கோட்டில் இடைவெளி விட்டுப்போனால் திரும்ப வரும். சரியாகச் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்குமேல் பலன் உண்டு. இடுக்கில் ரத்தம் கட்டுவது அவ்வப்போது நடக்கும். இதயத்தைச் சுற்றி நீர் சேர்வதும் ஏவி கணு பழுதாகிப் பேஸ்மேக்கர் தேவைப்படுவதும் அபூர்வம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாரும். முடிந்த பிறகும் டாக்டர் சொல்லாமல் அபிக்ஸபானை நிறுத்தக்கூடாது. மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஃபிப்ரிலேஷன் என்ற இதன் பங்காளி பின்னால் வரலாம், அந்த 3 மதிப்பெண்ணும் அப்படியேதான் இருக்கிறது.

உம்ம மகளுக்கும் படபடப்பு வருவதாக எழுதியிருந்தீரே, அது வேறே ஜாதி. திடீரென்று 180-க்கு ஏறி, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடுகிறது என்றால் எஸ்விடி என்கிற, திடீரென்று வந்து போகும் வேகத் துடிப்பாக இருக்கலாம். அடுத்த முறை வரும்போது ஈசிஜி எடுத்துவிட்டால் சந்தேகம் தீரும். டாக்டர் உறுதி செய்தபின் இதைப் பழகட்டும்: சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் வாயில் பிஸ்டன் லேசாக நகருமளவு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மட்டமாகப் படுக்க வைத்து, கால்களை 45 டிகிரிக்கு 15 விநாடி தூக்கிப் பிடியும். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் இதெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடும்.

கருப்பட்டிக் காபி பற்றிக் கேட்டீர். காபி அளவாக இருந்தால் தப்பில்லை. சுகர்காரருக்குக் கருப்பட்டியும் சீனிதான் வே. சாராயம் மட்டும் கூடவே கூடாது. மச்சானுக்குத் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதையும் எக்கோவையும் எடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும்.

அன்புடன்,
சுப்பையா